வாடைக்கால விருந்தினரும் நமது கமராக்களும்

விழா மலர் ஒன்றிற் பழைய மாணவர் எழுதப் புகுந்தால், ஆசிரியப் பெருமக்களின் சிறப்பும், விளையாட்டு மைதானத்து வெற்றிகளும், விடுதி உணவின் குறைபாடுகளுமே பொருளாக அமைவது வழக்கம். அவற்றை நம்மினும் நயம்பட எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். ஆதலின், நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஆண்டுதோறும் வாடைக்காலத்தில் நமது ஊவா மலைகளுக்கு வந்து சேரும் பறவைகளையும், அவற்றைப் படம் பிடிக்கச் செல்லும் நம்மவரையும் பற்றிச் சில கருத்துகளை இங்கே கூற விரும்புகின்றோம். சிறு பொருளென்று தோன்றினும், ஆராய்ந்தால் அது நமது மண்ணையும் மக்களையும் தொடும் பொருளென்பது விளங்கும்.

குளிர்காலம் என்னும் சொல் பனி உறையும் மேனாடுகளுக்கே உரியது. நமக்குள்ளது வாடைக்காலம். ஊவாவின் தேயிலைக்கு உலகப் புகழ் ஈட்டித் தருவது ஆடி ஆவணியில் மலையேறி வரும் வறண்ட கச்சான் காற்று. ஐப்பசி பிறந்ததும் அது மாறி, வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டத் தொடங்கும். நமுனுகுலை மலைமுடி நாட்கணக்காக முகிலுள் மறைந்து கிடக்கும். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் பேரோசை தொலைவிலேயே கேட்கும். இந்த மழையோடு மழையாகத்தான் வடதிசை விருந்தினரும் வந்து சேர்கின்றனர்.

யார் இவர்கள்? ஓடைக் கற்களின் மேல் வாலை ஓயாது ஆட்டித் திரியும் சாம்பல் வாலாட்டி. மாலை வேளையில் மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான். சவுக்கு மரத்து உச்சியிலிருந்து பாய்ந்து தேனீயைக் கவ்வும் நீலவாற் பஞ்சுருட்டான். வேலிக் கம்பத்திலிருந்து கரகரத்த குரலில் அதட்டும் பழுப்புக் கீச்சான். இவற்றுள் இமயத்தின் சாரலிலிருந்து வருவனவும் உண்டு. அதற்கப்பாலுள்ள வட ஆசிய நிலங்களிலிருந்து வருவனவும் உண்டு. தகைவிலானின் எடை ஏறக்குறைய 20 கிராம். நம் கைப்பிடித் தேயிலைத் தூளின் எடையுள்ள ஓருயிர், ஆயிரக்கணக்கான மைல்களையும் பாக்கு நீரிணையையும் கடந்து பதுளைக் கடைத்தெருவின் கம்பியில் வந்து அமர்கின்றது. அதனை அண்ணாந்து பாராமல் நாம் அதன்கீழ் நடந்து செல்கின்றோம்.

தமிழர்க்கு இது புதுச் செய்தியன்று. குமரித்துறையிலிருந்து வடமலைக்குச் செல்லும் அன்னச்சேவலை விளித்துப் பிசிராந்தையார் பாடிய பாடல் புறநானூற்றில் உண்டு. தென்குமரி சென்று வடதிசைக்கு மீளும் நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக விடுத்தார் சத்திமுத்தப் புலவர். பறவை பருவந்தோறும் போய்வரும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆயினும், அவ்வறிவை நூலாக வகுத்துப் படத்தோடு பதிப்பித்த பணி இத்தீவிற் பிறர் கைகளிலேயே நிகழ்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் 1752 முதல் 1757 வரை ஆளுநராயிருந்த லோட்டன், இங்குள்ள பறவைகளை ஓவியமாகத் தீட்டுவித்தார். பீரங்கிப்படை அதிகாரியான லெக், இலங்கைப் பறவைகளின் வரலாற்றை 1878 முதல் 1880 வரையிற் பெருநூலாக வெளியிட்டார். தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து, கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி 1955இல் எழுதிய கைந்நூலை இன்றும் பறவை பார்ப்போர் போற்றுவர். தோட்டத் துரையாயிருந்த பிலிப்ஸ் என்பவர் பறவைப் பட்டியல் தொகுத்ததோடு, 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றவும் துணைநின்றார்.

இவர்கள் பணியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். துரைமார் பங்களா விறாந்தையிலிருந்து குறிப்பெழுதிய அதே நாட்களில், அதே மலையிற் கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் அப்பறவைகளை நாளெல்லாம் கண்டனர். எந்த ஓடையில் எது நிற்கும், எது எப்போது கத்தும் என்பதை அவர்கள் அறிவர். அவர்கள் அறிவு எவர் ஏட்டிலும் ஏறவில்லை. பறவைக்குக் கடவுச்சீட்டு வேண்டா என்பது பலரும் சொல்லிச் சலித்த பேச்சு. நாம் கூற வருவது வேறு. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் நம் தோட்டங்களிலிருந்து குடும்பங் குடும்பமாகத் தலைமன்னார் வழியே கடல் கடந்தனர். அவர்களுட் பலர் நீலகிரியில் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். காஷ்மீரப் பகுதியிற் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் செங்கழுத்து ஈப்பிடிப்பான் என்னும் சிறு குருவி, குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டே: ஒன்று நமது மலைநாடு, மற்றொன்று நீலகிரி முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைகள். பிரிந்துபோன உறவினர் இரு மலைகளிலும் ஒரே குருவியைப் பார்த்திருக்கின்றனர். அதனை இங்குள்ளோர் என்ன பெயரிட்டழைத்தனர், அங்குச் சென்றோர் என்ன பெயரிட்டழைக்கின்றனர் என்று கேட்டெழுதி வைக்க நம்மிற் பலர்க்குத் தோன்றவில்லை.

இனிப் படம் பிடிக்கும் கலைக்கு வருவோம். அது மிக இளைய கலை. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர் 1892இல் முட்டைகளோடு கூடிய கூடொன்றைப் படமெடுத்தனர். மாட்டுத் தோலாற் செய்த போலி மாட்டினுள் ஒளிந்திருந்தும் பறவைகளைப் பிடித்தனர் — வலையாலன்று, கமராவால். எரிக் ஹொஸ்கிங் என்பார் 1937இல் ஆந்தையொன்றின் கூட்டருகே செல்லப்போய் அதன் நகத்தால் ஒரு கண்ணை இழந்தார். எஞ்சிய ஒரு கண்ணோடு வாழ்நாள் முழுதும் பறவைகளையே படம்பிடித்தார். நமக்கு அண்மையிற் சொல்லத்தக்கவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், 1950 முதல் 1996இல் மறையும்வரை ஆங்கில நாளேடொன்றில் இயற்கைக் கட்டுரைகள் எழுதினார், தமிழிலும் எழுதினார், கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வண்ணமும் விலையுயர்ந்த கருவியுமே நற்படத்தைத் தரும் என்போர்க்கு அவர் வாழ்வே விடை.

நம் மலைகளிற் படமெடுப்போர்க்குச் சில நடைமுறைச் செய்திகளைக் கூறுதல் தகும். வாடைக்காலத்தில் ஒளி குறைவு. சவுக்கு மர நிழலிற் காலை எட்டு மணிக்கும் மங்கலே நிலவும். ஆயிரத்திலொரு செக்கனில் வாலாட்டியின் வாலை நிறுத்திப் பிடிக்க எண்ணுவது பெரும்பாலும் வீண். அது கல்லின்மேல் ஒரு நொடி அசையாது நிற்கும் வேளைக்குக் காத்திருத்தலே வழி. பின்னணியில் மூடுபனி வெண்மையாக இருந்தால் கமராவின் ஒளிமானி ஏமாந்து பறவையைக் கரியுருவாக்கிவிடும். ஒரு படியோ ஒன்றரைப் படியோ ஒளியைக் கூட்டிவிடுதல் வேண்டும். தரையில் மேயும் பறவையைத் தரையோடு தரையாகக் கிடந்தே எடுத்தல் வேண்டும். அட்டைக் கடிக்கு அஞ்சுவோர்க்கு அப்படம் கிட்டாது. வீடு திரும்பியதும் வில்லையின் ஈரத்தைத் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளிட்ட மூடிய பெட்டியில் வையாவிடின், தை மாதத்திற்குள் அதில் பூஞ்சணம் படர்ந்துவிடும்.

இவை யாவும் எளிதிற் கற்கத்தக்கவை. கற்றற்கு அரியது வேறொன்று. அதனை நாம் கற்ற விதத்தை மறைக்காமற் கூறுகின்றோம். கூறாவிடின் பிறர்க்கு அறிவுரை சொல்லும் தகுதி நமக்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கங்காணியாயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தம் லயத்தின் பின்னாலுள்ள ஓடைக்கரைப் புதரில் ஆறுமணிக்குருவி வந்து தங்கியிருப்பதை நமக்குக் காட்டினார். பச்சை முதுகும், கண்ணின்மேற் கருங்கோடும், சிறகில் நீலமும், வாலடியிற் செம்மையும் கொண்ட அக்குருவி, இந்தியாவின் இமயச் சாரலிலும் நடுப்பகுதிகளிலும் கூடுகட்டி, ஐப்பசியில் இங்கே வந்து சித்திரையளவில் மீள்வது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு சீழ்க்கையாகக் கூவுவதால் அப்பெயர் பெற்றது. “நாலு வருசமா இதே எடத்துக்குத்தாங்க வருது. அது கத்துனா நாங்க பெரட்டுக்களத்துக்குப் பொறப்படுவோம்” என்றார் அவர். அதே குருவிதானா என்பதை நாம் சொல்லவியலாது. ஆயினும், வலசை வரும் பறவைகளுட் பல ஆண்டுதோறும் அதே தோப்புக்கு, அதே ஓடைக்குத் திரும்புவதைக் காலில் வளையமிட்டு ஆராய்ந்தோர் கண்டுள்ளனர்.

நாம் என்ன செய்தோம்? முதல் நாள் காத்திருந்தோம். குருவி நிழலில் நின்றது. இரண்டாம் நாள், பார்வையை மறைத்த நாயுண்ணிச் செடிகளையும் மானாப் புல்லையும் வெட்டித் தள்ளினோம். அதுவும் போதாதென்று கைத்தொலைபேசியில் அதன் கூவலை ஒலிக்கச் செய்தோம். தன் எல்லையினுள் மற்றொன்று நுழைந்துவிட்டதென்று கருதிய குருவி வெளியே பாய்ந்து வந்தது. மீண்டும் மீண்டும் வந்தது. மேய்தலை மறந்து கூவிற்று. அரை மணி நேரத்தில் நாம் விரும்பிய படம் கிடைத்தது. நண்பர்கள் அதனைப் பாராட்டினர். அடுத்த வாரம் சென்றபோது புதரும் இல்லை, குருவியும் இல்லை. அந்தப் பருவத்தில் அது அங்கே மீண்டும் கூவவில்லை. பெரியவர் நம்மைக் கடியவில்லை. “இனிமே மணி பாக்கக் கடிகாரந்தாங்க” என்று மட்டும் கூறி, தேநீர் தந்தனுப்பினார். அத்தேநீரைக் குடித்து முடிப்பது நமக்கு எளிதாக இருக்கவில்லை.

அந்நாளிலிருந்து நமக்குத் தெளிந்த கருத்து இது: பறவையைப் படம்பிடிப்பது வேட்டையாடலினும் உயர்ந்ததென்று நாமே நம்மைப் பாராட்டிக்கொள்ளுதல் போதாது. துவக்கு ஏந்தியவன் தான் கொல்வதை அறிவான். கமரா ஏந்தியவன் அறியாமலே கொல்லக்கூடும். குளிர்காலப் பறவை இங்கே ஓய்வெடுக்க வருவதன்று. உண்டு உடல் தேறி, மீண்டும் கடல் கடக்கும் கொழுப்பைச் சேர்க்க வருவது. அது நம்மால் அலைக்கழியும் ஒவ்வோர் அரை மணியும் அதன் திரும்பும் பயணத்துக்கான உணவிலிருந்து கழிபடுவதே. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவைகளுக்குக் காவலாக உள்ளது. ஆனால், புதரின் பின்னே தனியே நிற்கும்போது நம்மைக் காண்பது சட்டமன்று; நம் மனச்சான்று ஒன்றே.

பறவைக்கு இழைக்கும் தீங்கோடு, அங்கு வாழும் மக்களுக்கு இழைக்கும் தீங்கையும் எண்ணுதல் வேண்டும். தோட்டத்திற் குளவிக் கொட்டு என்பது விளையாட்டன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் அதனால் உயிரிழந்ததும் உண்டு. படத்துக்காக மரக்கிளையை அசைப்பதும், பறக்குங் கமராவை மரங்களினூடே செலுத்துவதும் கூட்டைக் கலைத்துவிடலாம். கலைத்தவர் வண்டியேறிச் சென்றுவிடுவார், கொட்டு வாங்குவோர் மலையிலுள்ளோரே. மேலும், நாம் அழகென்று படமெடுக்கும் அதே மழையும் மூடுபனியும் லயத்திலுள்ளோர்க்கு அச்சந்தருவன. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறத்தற்கில்லை. வலசைப் பறவைகள் வந்திறங்கும் அதே மாதத்தில்தான் அது நிகழ்ந்தது. மழைக்காலத்தில் அம்மக்களிடையே செல்வோர் அவர்களை வெறும் பின்னணியாகக் கருதுதல் தகாது.

உண்மையில், மலையில் வேலை செய்வோரே படமெடுப்போனுக்குக் கிடைக்கும் சிறந்த மறைப்பு. துணிக்கூடாரமும் சாக்குத்திரையும் கண்டு ஐயுறும் கீச்சானும் பஞ்சுருட்டானும், படங்கு கட்டிக் கூடை சுமந்து நிரையாகச் செல்லும் பெண்களைப் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் காணும் உருவத்துக்கு அவை பழகிவிட்டன. அவர்தம் இசைவு பெற்று அவர்களுக்குப் பின்னே அமைதியாக நடப்பவனுக்கு, மறைந்திருப்பவனுக்குக் கிட்டாத படம் கிட்டும். முள்முருக்குப் பூத்திருக்கும் நாட்களில் எந்த மரத்தில் எக்குருவி தேனுண்ண வரும் என்பதையும் அவர்களே சொல்வர். படம் வந்தபின் அதில் ஒரு பிரதியைச் சொன்னவர் கையிற் கொடுத்தல் நாம் செய்யத்தக்க மிகச் சிறு நன்றி.

“பரீட்சையும் வேலையுமே பெருங்கவலையாயுள்ள மாணவர்க்கு இவையெல்லாம் எதற்கு? நாட்கூலிக்குப் போராடும் சமூகத்துக்குக் குருவி பார்த்தல் செல்வர் பொழுதுபோக்கன்றோ?” என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. கூலிக்கும் வீட்டுரிமைக்கும் உள்ள முதன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு மலையை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் உழைப்பால் உருவாக்கிய மக்கள், அம்மலையைப் பற்றிய அறிவுக்கும் உரியவர்கள். காட்டை அழித்துக் கோப்பி நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியத் தேயிலை வந்ததும் அனைவரும் அறிந்தவை. எஞ்சியுள்ள காடு ஓடைக்கரைகளிலும் மலைமுகடுகளிலும் துண்டு துண்டாகவே நிற்கின்றது. அப்புத்தளையில் அடிசம் மாளிகையை ஒட்டிய தங்கமலைச் சரணாலயம் போலக் காவல் பெற்றவை சில; காவலற்றவை பல. எந்த ஓடைக்காட்டில் எப்பறவை தங்குகின்றது என்று எழுதிவைத்த ஏடு இருந்தால், அதனை வெட்ட வருவோரிடம் காட்டி வாதிடலாம். ஏடில்லாத காட்டுக்கு வாதாட ஆளில்லை. நிழற்படத்தின் மெய்ப்பயன் சுவரில் தொங்குவதன்று, சான்றாக நிற்பதே.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்துக்கும் கல்லூரிக்கும் பணிவோடு ஒன்றை முன்வைக்கின்றோம். இவ்விழாவின் நினைவாகக் கல்லூரி நூலகத்தில் ‘வாடைப் பதிவேடு’ ஒன்று தொடங்கப்பெறுதல் வேண்டும். ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரை, மாணவர் தத்தம் ஊரிலும் தோட்டத்திலும் முதன்முதலாகக் கண்ட பறவை, நாள், மலையின் இலக்கம், அங்குள்ளோர் வழங்கும் பெயர் ஆகியவற்றை அதில் எழுதட்டும். பெயரைக் கேட்டெழுதும்போது நூற்பெயரால் திருத்தாமல், பாட்டி சொன்னவாறே எழுதட்டும். கமரா எல்லோரிடமும் இராது. பழைய மாணவர் நம்மிற் பலரிடம் பயனின்றிக் கிடக்கும் கமராக்களும் தொலைநோக்கிகளும் உள்ளன. அவற்றுட் சிலவற்றைக் கல்லூரிக்கு அளித்தல் நமக்குப் பெருஞ்செலவன்று. அவற்றைக் கைக்கொள்ளும் மாணவர்க்கு விதிகள் மிகச் சிலவே போதும்: கூட்டை அணுகற்க, புதரை வெட்டற்க, போலிக் குரலெழுப்பி அழையற்க, அரிய பறவை தங்குமிடத்தை ஊரறியப் பரப்பற்க, காட்டியவரை மறவற்க. இவ்வைந்தனுள் ஒன்றையேனும் மீறித்தான் பெற முடியுமெனின், அப்படம் நமக்கு வேண்டா.

இளைய மாணவர்களே! உங்களுள் லயத்திலிருந்து வருவோர் பலர். நூலிற் படித்துப் பறவை அறிந்த எம்மினும் நீங்கள் முன்னே நிற்கின்றீர்கள். உங்கள் வீட்டு வாசலிலேயே இமயம் வந்திறங்குகின்றது. அதனைப் பார்க்கவும் எழுதவும் வேறெவர் இசைவும் உங்களுக்கு வேண்டியதில்லை. 

அந்தப் பெரியவர் இன்றில்லை. நாம் வெட்டிய இடத்தில் நாயுண்ணி மீண்டும் தழைத்துப் புதராகிவிட்டது. சென்ற ஐப்பசியில் அவ்வழியே சென்றபோது, மாலை மங்கும் வேளையில் ஓடைப்பக்கமிருந்து இரண்டு சீழ்க்கை கேட்டது. கமரா தோளிலேயே இருந்தது. நாம் அதனை எடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தோம், ஆறுக்கு இரண்டு நிமிடங்கள் இருந்தன. நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு திரும்பினோம். நாம் முன்மொழியும் பதிவேட்டின் முதல் வரியாக அக்குறிப்பைக் கல்லூரிக்கு அளிக்க விரும்புகின்றோம்.